சூளையும் பனிக்குடமும்: குறைமாதக் குழந்தைக் காப்பின் வரலாற்றில் கலன் உருவகங்கள் (விருத்தாசலத்தை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

கருவுற்ற இருபத்துமூன்று, இருபத்துநான்கு வாரங்களிலேயே பிறந்துவிடும் குழந்தைகளைக் காக்கும் பொருட்டு ஆய்வுக்கூடங்களில் உருவாகிவரும் கருவி தமிழில் ‘செயற்கைக் கருப்பை’ எனப்படுகிறது. இதற்கு முன்னோடியாகப் புராணக் கலயங்களைக் காட்டும் போக்கும் பொதுமேடைகளில் காணப்படுகிறது. தமிழ் மரபு கருவைக் கலனாகவும் கருவறையைச் சூளையாகவும் கண்ட முறையையும், மேலைநாட்டுக் குறைமாதக் குழந்தைக் காப்பின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மரபுச் சிந்தனையில் வெப்பமும் நீரும் பெற்ற இடத்தைக் கொடி பெறவில்லை என்பதும், ‘செயற்கைக் கருப்பை’ என்னும் பெயர் கருவியின் இயல்புக்குப் பொருந்தவில்லை என்பதும் இதன் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: விருத்தாசலம், பச்சைமண், சூளை, பனிக்குடம், நஞ்சுக்கொடி, குறைமாதப் பிறப்பு, திருமந்திரம்

மண்ணும் ஊரும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் போற்றப்படும் தலமாகும். செம்பியன் மாதேவியின் கற்றளித் திருப்பணியால் கல்வெட்டாய்வாளர்க்கு நன்கு அறிமுகமான இவ்வூர், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கானால் பெயர்பெற்றது. அண்மையிலுள்ள நெய்வேலியில் 1956இல் தொடங்கப்பட்ட நிறுவனம் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழ்ந்தபோது, மேலடுக்குகளிலிருந்து வெண்களிமண்ணும் கிடைத்தது. அம்மண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அமைந்தது. மின்காப்பிகளும் கொலுப் பொம்மைகளும் அங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன.

அச்சில் வார்க்கும் பீங்கான் தொழிலின் நுட்பம் ஒன்று இவ்வாய்வுக்குத் தேவைப்படுகிறது. களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்தினால் ஆன அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரில் மண் படிந்து கலமாக உருப்பெறும். மிகுந்த குழம்பை வடித்தபின்னும் கலத்தை உடனே எடுப்பதில்லை. தன் உருவத்தைத் தானே தாங்கும் இறுக்கம் வரும்வரை அது அச்சுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். நேரத்திற்கு முன் எடுத்தால் அமுங்கிவிடும். அதன்பின் உலர்த்தலும் சூளையும் தொடரும். ஆக, கலம் கலமாவதற்கு முதலில் ஓர் உறை தேவை, பிறகு வெப்பம் தேவை. இவை வெவ்வேறு தேவைகள். குறைமாதக் குழந்தையைக் காக்க முயன்ற மருத்துவ வரலாற்றில் இவ்விரண்டாம் தேவையே முதலில் உணரப்பட்டது. முதல் தேவை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே கருவியாக்கத்திற்கு வந்தது.

பச்சைமண்

பிறந்த குழந்தையைத் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கு ‘பச்சைமண்’ என்கிறது. பிள்ளை பெற்றவள் ‘பச்சை உடம்புக்காரி’ ஆகிறாள். இவ்வழக்குகளில் ‘பச்சை’ என்பது நிறத்தைச் சுட்டவில்லை, சுடப்படாத நிலையைச் சுட்டுகிறது. சுடாத மண்கலத்தில் நீரைப் பெய்து காக்க முயல்வதைத் திருக்குறளின் 660ஆம் குறள் உவமையாக ஆள்வது அறிஞர் அறிந்ததே. பச்சைமண் என்னும் வழக்கு அதே தொழிலறிவிலிருந்து பிறந்தது: உருவம் முழுமை, உறுதி மட்டும் இன்னும் வரவில்லை.

இவ்வுருவகத்தின் விரிவான வடிவம் திருமந்திரத்தில் உள்ளது. இரண்டாம் தந்திரத்தின் படைப்புப் பகுதியில், திரிகையில் ஏற்றிய மண்ணைத் தன் மனம்போல் வனையும் குயவனோடு இறைவன் ஒப்பிடப்படுகிறான். அதே தந்திரத்தின் ‘கர்ப்பக்கிரியை’ப் பகுதி இன்னும் ஒருபடி செல்கிறது. இருவர் இன்பத்தால் இணங்கி வைத்த மண். அதைக் கலசமாக்குபவன் ஒருவன். ஒன்பது நீர்ச்சால்களும் பதினெட்டுக் கலசங்களும் ஆனபின் சூளை வேகிறது, கலம் விளைகிறது. ஒன்பது நீர்ச்சால்களை உடலின் ஒன்பது வாயில்களாகக் கொள்வது பெருவழக்கான உரைமரபு. பதினெட்டுக் கலசங்களுக்கு உரைகள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு இங்கு முதன்மையன்று. கருப்பையைச் சூளை என்று நேரடியாகவே கூறும் துணிவு கவனத்திற்குரியது. வயிற்றுக்குள் நிகழ்வது வேகுதல். அதை நிகழ்த்துவது உள்ளனல். சமையலும் மண்கலத் தொழிலும் அன்றாடமாயிருந்த ஒரு சமுதாயம் கண்ணுக்குப் புலப்படாத வளர்ச்சியை விளக்கிக்கொள்ளத் தேர்ந்த உவமை இது.

அதே கர்ப்பக்கிரியைப் பகுதியில் குயிலின் முட்டையைக் காக்கை ஐயமின்றி அடைகாத்து வளர்க்கும் உவமையும் வருகிறது. ஈன்றவர் வேறு, வளர்ப்பவர் வேறு ஆகலாம் என்னும் எண்ணத்திற்குத் தமிழில் இது பழைய சான்று. இதைக்கொண்டு வாடகைத்தாய் முறையைத் திருமூலர் அறிந்திருந்தார் என எழுதுவது உவமையைச் செய்தியாக மயங்குவதாகும்.

மண்கலம் பிறப்போடு மட்டுமன்றி இறப்போடும் இணைந்தது. புறநானூற்று 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, ஈமத்தாழி வனையும் குயவனிடம் தனக்கும் இடமிருக்குமாறு அதை அகலமாக வனையும்படி வேண்டுகிறாள். இன்றைய வழக்கிலும் ‘கண்ணாடிப் பெட்டி’ என்னும் ஒரே சொல் குறைமாதக் குழந்தையை வைக்கும் கருவியையும், சடலத்தை வைக்கும் குளிர்ப்பெட்டியையும் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் கேட்போர் மனம் இரண்டையும் இணைக்காமல் இருப்பதில்லை.

நெய்க்கலயங்கள்

கலத்தில் பிறந்தோர் இதிகாச புராணங்களில் பலர். அகத்தியர் குடமுனி எனப்பட்டார். துரோணர் தம் பெயரையே ஒரு கலத்திலிருந்து பெற்றார். ஆயினும் கருவளர்ச்சியை ஒரு செய்முறையாக விவரிப்பது கௌரவர் பிறப்புக் கதையே. ஈராண்டு சுமந்தும் பேறு வாய்க்காத காந்தாரி, குந்திக்கு மகன் பிறந்தமை கேட்டுத் தன் வயிற்றைத் தாக்கிக்கொள்ள, இறுகிய தசைப்பிண்டம் வெளிப்படுகிறது. வியாசர் நூறு கலயங்களில் நெய் நிரப்பச் செய்கிறார். பிண்டம் குளிர்ந்த நீரால் நனைக்கப்பட்டு நூற்றொரு கூறுகளாகப் பிரிந்து கலயங்களில் இடப்படுகிறது. காவலமைந்த இடத்தில் வைத்து, ஈராண்டு கழித்துத் திறக்குமாறு பணிக்கிறார். நடுநாட்டுச் சனியூரைச் சேர்ந்த வில்லிபுத்தூரார் பாரதத்தைத் தமிழில் பாடினார். அதே நிலப்பரப்பில் திரௌபதியம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் இக்கதையை நாட்டார் நினைவில் நிலைபெறச் செய்தன.

2019 சனவரியில் சலந்தரில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில், கௌரவர் நூற்றுவரும் சோதனைக்குழாய்த் தொழில்நுட்பத்தால் பிறந்தவர்கள் என ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேசியது கடும் கண்டனத்திற்கு உள்ளானது. கண்டித்தவர்கள் அது அறிவியலன்று என்பதோடு நின்றுவிட்டனர். அது கதையையும் தவறாகப் படித்த கூற்று என்பதைச் சுட்டியவர் குறைவு. கதையின் கூறுகளை வரிசைப்படுத்தினால் கலயம், நெய், குளிர்நீர், மூடல், காவல், காலக்கணக்கு ஆகியவை கிடைக்கும். இவை ஊறுகாயும் நெய்யும் தானியமும் காத்த வீட்டறிவின் கூறுகள். நெய்யில் அமிழ்ந்த பொருள் கெடாது, மூடிய கலத்தில் காற்றுப் புகாது, காலத்திற்கு முன் திறத்தல் ஆகாது. இக்கதை பதப்படுத்தும் தொழில்நுட்பத்தைக் கருவுக்கு நீட்டிப் பார்க்கிறது. அந்நீட்டிப்பு ஒரு சிந்தனைச் செயல், அவ்வகையில் மதிப்புடையது.

இதில் இல்லாதது எது என்பதும் கருதத்தக்கது. கலயத்திற்குள் இருக்கும் கருவுக்கு வெளியிலிருந்து எதுவும் செல்லும் வழி கூறப்படவில்லை. கொடி இல்லை. திருமந்திரச் சூளை உருவகத்திலும் அது இல்லை. தமிழ் வழக்கு கொடியைக் குறிக்கும் சொல் ‘நஞ்சுக்கொடி’. பிறப்புக்குப்பின் வெளியேறும் உறுப்பை ‘நஞ்சு’ எனவே கூறும். குழந்தையை ஊட்டி வளர்த்த உறுப்பு, விலக்கிப் புதைக்க வேண்டிய கழிவாகவே பெயர்பெற்றது. பேறுகாலத்தில் அது முழுமையாக வெளிவராவிடில் தாய்க்கு உயிராபத்து என்னும் மருத்துவச்சியரின் பட்டறிவு இப்பெயருக்குக் காரணமாகலாம். எவ்வாறாயினும், வெப்பத்தையும் நீரையும் முதன்மையாக்கிய மரபுச் சிந்தனையில் கொடி ஓரத்திலேயே நின்றது.

முட்டையடுப்பிலிருந்து கண்ணாடிப் பெட்டிவரை

குறைமாதக் குழந்தைக் காப்பின் நவீன வரலாறும் சூளையிலிருந்தே தொடங்குகிறது. இங்கு அது உருவகமன்று. எகிப்தில் கோழிமுட்டைகளைப் பெருந்தொகையாகப் பொரிக்கச் செங்கல் அடுப்புகள் பன்னெடுங்காலம் பயன்பட்டன. ஐரோப்பியர் அதைப் பார்த்துப் பொரிப்புக் கருவிகளை அமைத்தனர். பாரிசின் மகப்பேறு மருத்துவர் தார்னியே அங்குள்ள விலங்குக் காட்சியகத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு, அக்காட்சியகத்தின் ஒதீல் மார்த்தேனைக்கொண்டு குழந்தைகளுக்கென ஒன்றை 1880 அளவில் அமைக்கச் செய்தார். அடியில் வெந்நீர்த் தொட்டி, மேலே குழந்தைகள், கண்ணாடி மூடி என்பதே அமைப்பு. 2000 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்தோரின் இறப்பு விழுக்காடு 66இலிருந்து 38ஆகக் குறைந்தது என அம்மருத்துவமனையின் அறிக்கை 1883இல் தெரிவித்தது. வெப்பம் ஒன்றே இவ்வளவு செய்தது.

அமெரிக்காவில் மார்ட்டின் கூனி இத்தகைய பெட்டிகளைக் குழந்தைகளோடு பொருட்காட்சியில் வைத்துக் கட்டணம் பெற்றார். கோனித் தீவில் 1903 முதல் 1943 வரை இக்காட்சி நடந்தது. பார்வையாளர் தந்த பணத்தில் குழந்தைகள் காக்கப்பட்டன. பெற்றோரிடம் அவர் பணம் பெறவில்லை. அறத்தின்மேல் ஐயம் எழுப்பும் நிகழ்ச்சிதான் என்றாலும், மருத்துவமனைகள் கைவிட்ட குழந்தைகள் பிழைத்தனர் என்பதும் உண்மை.

வெப்பத்திற்கு அடுத்து மூச்சு. குறைமாத நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிப்போவதைத் தடுக்கும் பரப்பியல் பொருள் போதாமையே மூச்சுத் திணறலுக்குக் காரணம் என மேரி எலன் ஏவரி 1959இல் காட்டினார். அதற்கு முன்பே பெட்டிக்குள் ஆக்சிசனை மிகுதியாகச் செலுத்தும் வழக்கம் பரவியிருந்தது. பிழைத்த குழந்தைகளில் பலர் பார்வை இழந்தனர். மெல்போர்னின் கேட் கேம்பெல் 1951இல் மிகை ஆக்சிசனைக் காரணமாகச் சுட்டினார். அமெரிக்காவில் நடந்த பலமருத்துவமனை ஆய்வு 1954 அளவில் அதை உறுதிசெய்தது.

இது கடந்தகாலச் செய்தியன்று. சென்னையில் அரசு மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் 1996இல் 29ஆம் வாரத்தில் பிறந்த பெண்குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை உரிய காலத்தில் செய்யப்படவில்லை, குழந்தை பார்வையிழந்தது. 2015 சூலையில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. கண்ணாடிப் பெட்டி உயிரைக் காத்தது, ஆனால் அப்பெட்டியைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய கண்காணிப்பு அமையவில்லை. கருவியின் வரலாற்றை எழுதுவோர் கருவிக்கு வெளியே நிற்கும் மனிதர்களின் வரலாற்றையும் எழுதவேண்டும் என்பதற்கு இத்தீர்ப்பு ஒரு மூலஆவணம்.

பையும் கொடியும்

இருபத்துமூன்றாம் வாரத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் காற்றை ஏற்கும் நிலையிலேயே இல்லை. காற்றைச் செலுத்துவதே அதைப் புண்படுத்துகிறது. வெப்பமும் ஆக்சிசனும் தரும் பெட்டி இங்கு எல்லையைத் தொடுகிறது. ஆகவே காற்றைத் தராமல் இருப்பது எப்படி என்று கேள்வி மாறியது.

உடலுக்கு வெளியே கருவளர்த்தல் என்னும் எண்ணத்திற்குப் பெயரிட்டவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1923இல் கேம்பிரிட்சில் அவர் படித்த ‘டெடலஸ்’ உரை, எதிர்கால மாணவன் ஒருவன் எழுதும் கட்டுரை வடிவில், 1951இல் முதல் குழந்தை அவ்வாறு பிறக்கும் எனக் கற்பனை செய்தது. ஹால்டேன் 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் கண்டது முழுக் கருக்காலத்தையும் தாயுடலிலிருந்து விலக்கும் கனவு. பின்வந்த மருத்துவ ஆய்வு கண்டதோ நான்கு வார இடைவெளியை நிரப்பும் பாலம். இவ்விரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதே பெரும்பாலான குழப்பத்திற்கு வித்து.

டோக்கியோவில் யோசினோரி குவபாராவின் குழு 1980களின் பிற்பகுதி முதல் வெள்ளாட்டுக் கருக்களை வெதுவெதுப்பான நீர்மத் தொட்டியில் வைத்து, கொப்பூழ்க்கொடிவழிக் குருதிக்கு ஆக்சிசனூட்டி வளர்க்க முயன்றது. திருப்புமுனை 2017 ஏப்ரலில் வந்தது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் பார்ட்ரிட்ஜ், ஆலன் ஃப்ளேக் முதலானோர், மனிதக் கருவின் 23, 24 வார வளர்ச்சிக்கு ஒப்பான நுரையீரல் நிலையிலிருந்த செம்மறியாட்டுக் கருக்களை நான்கு வாரம்வரை பைகளில் வளர்த்ததை வெளியிட்டனர். ஒளி ஊடுருவும் நெகிழிப் பை. அதனுள் இடையறாது மாற்றப்படும் செயற்கைப் பனிக்குட நீர். கொப்பூழ்க்கொடியின் நாளங்களோடு இணைந்த ஆக்சிசனூட்டி. குருதியைத் தள்ள வெளிப்பொறி ஏதுமில்லை, கருவின் இதயமே தள்ளுகிறது. முந்தைய முயற்சிகளில் பொறியின் அழுத்தம் கருவின் இதயத்தைச் சோர்வுறச் செய்தது என்பதால் இது சிறிய மாற்றமன்று. மேற்கு ஆசுத்திரேலிய, தொகோகு ஆய்வாளரின் இணைந்த முயற்சியும், நெதர்லாந்தின் ஐந்தோவன் குழுவும் வேறு அமைப்புகளில் இதே நோக்கத்தை நாடுகின்றன. 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, மனிதரிடம் முதற்சோதனை நடத்துவதற்குரிய சான்றுகளும் அறநெறிகளும் யாவை என இருநாள் கூடி ஆராய்ந்தது.

இவ்வமைப்பின் உயிர்நாடி பையன்று, கொடியே. பை பின்னர் மேம்படலாம், தொட்டியாகவும் மாறலாம். ஆக்சிசனூட்டியோடு கொடியை இணைக்கும் சில நிமிடங்களே முழு முயற்சியையும் தீர்மானிக்கின்றன. நெய்க்கலயமும் சூளையும் விட்டுச்சென்ற வெற்றிடம் துல்லியமாக இதுதான்.

பெயர்

‘கருப்பை’ என்பது கரு, பை ஆகியவற்றின் கூட்டு. ஆகவே நெகிழிப் பையைச் ‘செயற்கைக் கருப்பை’ எனல் சொல்லளவில் பொருத்தமாகத் தோன்றும். பொருளளவில் அது பிழைபடுகிறது. கருப்பை கருவை ஏற்கிறது, பற்றவைக்கிறது, தசையால் சுருங்கி வெளியேற்றுகிறது. இவற்றில் எதையும் இக்கருவி செய்வதில்லை. கருவைச் சூழ்ந்த நீருறையின் பணியையும், தாய்க்கும் கருவுக்கும் இடைப்பட்ட பரிமாற்ற உறுப்பின் பணியையுமே இது மேற்கொள்கிறது.

நீருறைக்குத் தமிழில் ஏற்கெனவே அழகிய சொல் உண்டு: பனிக்குடம். ‘பனிக்குடம் உடைந்தது’ என்று கூறும் எந்தத் தாயும் கலன் உருவகத்தைத் தன்னையறியாமல் ஆள்கிறாள். பரிமாற்ற உறுப்புக்கோ சொற்கள் பிளவுபட்டுள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘தாய்சேய் இணைப்புத்திசு’ என்கின்றன. இலங்கை வழக்கு ‘சூல்வித்தகம்’ என்கிறது. முன்னது விளக்கம், பின்னது பெயர். ‘சூல்’ என்னும் பழஞ்சொல்லை உட்கொண்டிருப்பதாலும், நஞ்சு என்னும் இழிபொருள் நீங்கியிருப்பதாலும் சூல்வித்தகமே ஏற்கத்தக்கது. கருவி முழுமையையும் ‘செயற்கைப் பனிக்குடம்’ என்றும், அதன் ஆக்சிசனூட்டும் பகுதியைச் ‘செயற்கைச் சூல்வித்தகம்’ என்றும் வழங்குவது தெளிவு தரும். கருப்பை என்னும் சொல் நீங்கினால், தாயை நீக்கும் கருவி என்னும் அச்சமும், தாயின்றியே பிள்ளை என்னும் விளம்பரமும் ஒருங்கே வலுவிழக்கும்.

அணைப்பும் ஊசியும்

உலகில் 2020இல் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன எனவும், அவற்றுள் 30 லட்சத்துக்குமேல் இந்தியாவில் எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. 28 வாரத்திற்கு முன் பிறப்போர் இவர்களுள் சிறுபகுதியினரே. எஞ்சியோரைக் காக்கும் வழிகள் மிக எளியவை. தாய்க்குப் பேற்றுக்கு முன் செலுத்தும் இயக்கூக்கி ஊசி குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் என நியூசிலாந்தின் லிக்கின்சும் ஹோவியும் 1972இல் காட்டினர். இந்திய அரசு 2014இல் துணைச்செவிலியரும் அதைச் செலுத்த வழிகாட்டுதல் வெளியிட்டது. கொலம்பியாவின் பொகோட்டாவில் கருவிப் பற்றாக்குறையால் 1978இல் தொடங்கிய கங்காரு அணைப்பு முறை, தாயின் மார்பையே வெப்பமூலமாக்கியது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 3211 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், பிறந்தவுடன் அணைப்பைத் தொடங்கிய குழந்தைகளில் 28 நாள்களுக்குள் இறந்தோர் 12.0 விழுக்காடு, வழக்கமான காப்பில் 15.7 விழுக்காடு. ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை; ஆகவே அம்முடிவை அவர்களுக்கு நீட்ட இயலாது. செயற்கைப் பனிக்குடம் கருதுவது அவர்களையே.

இவ்வரிசையில் கருவி கடைசியில்தான் வரவேண்டும் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் பாதி உண்மை. பொகோட்டாவின் அணைப்பு ஏழ்மையில் பிறந்து செல்வநாடுகளுக்கும் சென்றது. தார்னியேயின் பெட்டி செல்வநகரில் பிறந்து ஏழைநாட்டு மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வந்தது. பயணம் ஒருதிசைப்பட்டதன்று.

பிறப்பின் கணக்கு

‘பத்து மாதம் சுமந்தேன்’ என்னும் தமிழ்த் தாயின் கணக்கு 28 நாள் மாதங்களாலானது. பத்து மாதம் 280 நாள், அதாவது 40 வாரம். மருத்துவக் கணக்கோடு அது துல்லியமாகப் பொருந்துகிறது. சட்டத்தின் கணக்கு வேறு. 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், குறிப்பிட்ட வகையினர்க்குக் கருக்கலைப்பின் வரம்பை 20 வாரத்திலிருந்து 24ஆக உயர்த்தியது. செயற்கைப் பனிக்குடம் ஏற்கக் கருதும் குழந்தைகளும் அதே 23, 24 வாரத்தினர். ஒரே வாரம் ஒரு சட்டத்தில் கலைக்கத்தக்க கருவாகவும், ஒரு கருவியில் காக்கத்தக்க உயிராகவும் நிற்கும்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, கருக்காலம் எவ்வளவாயினும் தாயிடமிருந்து முழுமையாக வெளியேற்றப்பட்டபின் மூச்சோ வேறு உயிர்க்குறியோ காட்டுவது உயிர்ப்பிறப்பு. பனிக்குடப் பையிலுள்ளது மூச்சுவிடுவதில்லை. அதன் இதயம் துடிக்கிறது. சட்டத்தின் சொற்படி அது பிறந்துவிட்டது. பிலடெல்பியாவின் ஆட்டுக்குட்டிகளோ பையிலிருந்து எடுக்கப்பட்ட நாளே மூச்சுக்கு வந்தன. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். பையில் இருக்கும் காலமோ நான்கு வாரம்வரை நீளலாம். விருத்தாசலம் நகராட்சியின் பதிவேட்டில் அத்தகைய குழந்தைக்கு எழுதப்படும் நாள் தாயின் வயிற்றிலிருந்து எடுத்த நாளா, பையைத் திறந்த நாளா என்னும் வினாவுக்கு இப்போதைய சட்டம் முதலாவதையே விடையாகத் தரும். சாதகம் கணிப்போர் எதைக் கொள்வர் என்பது தனி ஆய்வுக்குரியது.